ஊரோடு சேர்ந்து படிக்கும் கல்லூரி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரம் கற்பிக்க இங்கிலாந்திலிருந்து வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், பண்ணையாளுக்கு என்ன கூலி, எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன், எத்தனை மாடு, எத்தனை கிணறு என்று விசாரித்து எழுதிவரச் சொன்னார். அப்படித் திரண்ட அறிக்கைகள் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய ஆங்கில நூலாக 1918-இல் வெளிவந்தன. தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய ஊர்களோடு அதில் இடம்பெற்ற இன்னொரு ஊர், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம், தென்பெண்ணைக் கரையை ஒட்டி இருக்கிறது.

அதோடு ஆய்வாளர்கள் இருவேல்பட்டை விட்டுவிடவில்லை. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மறுபடி ஆய்வு செய்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ஷரும் எழுதிய மறு ஆய்வு 1983-இல் வந்தது. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2008-இல் போய்ப் பார்த்து, 2010-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். நிலவுடைமையாளர் பிடி தளர்ந்தது, படியாள் முறை மங்கியது, விவசாயத்தைத் தாண்டி வேலை தேடி மக்கள் வெளியேறியது என்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் மாற்றம் அதில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு தொடர்ச்சியான ஆவணம் வாய்த்த கிராமங்கள் இந்தியாவில் மிகக் குறைவு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. முறையாக எச்சரித்தோம் என்றது அரசு. எச்சரிக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். மறுநாள் இருவேல்பட்டு மக்கள் சாலையில் திரண்டார்கள். பார்வையிட வந்த அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. நூறாண்டுகளாக ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்த ஊர், அன்றுதான் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது.

அந்த ஆய்வுகள் வெள்ளத்தைப் பற்றியவை அல்ல. அவற்றின் மீது பழி போடுவதில் நியாயமில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்கலாம். இத்தனை முறை கணக்கெடுக்கப்பட்ட ஊரின் கையில், தன் நிலையைத் தானே எடுத்து வைத்துப் பேச ஒரு தாளாவது இருந்ததா? எந்தத் தெருவில் எந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் நின்றது, எச்சரிக்கை எப்போது யார் வழியாக வந்தது, கால்நடைகளை ஓட்டிச் செல்ல எது மேடு என்பதெல்லாம் ஊராருக்குத் தெரியும். அது வாய்மொழியாகவே நின்றுவிட்டதால் அதிகாரிகள் முன்னால் வெறும் புகாராகச் சுருங்கிவிட்டது. எழுத்தில் இருந்த அறிவு ஆங்கிலத்தில், நூலகங்களில், வெளியூரில் இருந்தது.

இந்த இடைவெளியை அடைக்கும் வேலையை விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகள் செய்ய முடியும். அதற்கு ‘பங்கேற்புச் செயலாய்வு’ ஒரு பாடமுறையாக வகுப்புக்குள் வர வேண்டும்.

கேள்வி யாருடையது?

வழக்கமான ஆய்வில் கேள்வியைப் பேராசிரியர் முடிவு செய்கிறார். மாணவர் தகவல் திரட்டுகிறார். ஊரார் பதில் சொல்கிறார்கள். முடிவு ஓர் ஆய்வேடாகிறது. பங்கேற்புச் செயலாய்வில் பிரச்சினையை அனுபவிப்பவர்களே கேள்வியையும் எழுப்புகிறார்கள். எதை அளப்பது, யாரிடம் கேட்பது என்பதை அவர்களும் மாணவர்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். கிடைத்த விடையை வைத்து ஒரு காரியத்தில் இறங்குகிறார்கள். அது பலித்ததா என்று மறுபடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்தச் சுற்று முழுவதும்தான் பாடம்.

இதன் வேர்கள் பல நாடுகளில் இருக்கின்றன. செயலாய்வு என்ற கருத்தை உளவியலாளர் குர்ட் லெவின் 1946-இல் முன்வைத்தார். கொலம்பியாவில் சமூகவியல் துறையை உருவாக்கிய ஆர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா, பல்கலைக்கழகப் பதவியை விட்டு விலகி, நிலமற்ற விவசாயிகளோடு சேர்ந்து அவர்களுடைய போராட்ட வரலாற்றைத் தொகுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று முடிவுகளைப் படக்கதைகளாக அச்சிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். 1977-இல் கார்த்தஹேனா நகரில் நடந்த மாநாடு இந்த ஆய்வுமுறைக்கு உலக அளவில் அடையாளம் தந்தது. இந்தியாவில் ராஜேஷ் டாண்டன் 1982-இல் தொடங்கிய ‘பிரியா’ நிறுவனம் இதை வளர்த்தது.

நம்மவர் ஒருவரின் முன்னோடி முயற்சியும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1929-30-இல் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தில் கிராமம் கிராமமாகப் பொருளாதாரக் கணக்கெடுத்தார். ஸ்லேட்டரின் மாணவர்களைப் போலவே அவர்களும் நிலத்தையும் கடனையும் மாட்டையும்தான் எண்ணினார்கள். ஆனால், அந்தக் கணக்கு வரிச்சுமையால் நொடித்த குடியானவர் பக்கம் நின்று வாதாடப் பயன்பட்டது. எண்கள் ஒன்றாக இருந்தாலும், அவை யார் கைக்குப் போகின்றன என்பதைப் பொறுத்து அவற்றின் வேலை மாறிவிடுகிறது.

ஸ்பைரல் பைண்டிங் ஆய்வுகள்

இன்று நம் கலை அறிவியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ‘ப்ராஜெக்ட்’ எப்படி நடக்கிறது என்பது மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரியும். பழைய ஆய்வேட்டில் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவா முடித்தால் மதிப்பெண் வந்துவிடும். எல்லாரும் அப்படி இல்லை. உழைத்துச் செய்பவர்களும் உண்டு. அவர்களுடைய ஏடும் அதே அலமாரியில்தான் தூசி படிகிறது.

ஊரோடு உறவாட ஏற்கெனவே வாய்ப்புகள் இருக்கின்றன. 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது; ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்தைப் பெருக்கி, மரக்கன்று நட்டு, விழிப்புணர்வுப் பேரணி போகிறோம். 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வெளியிட்ட சமூகப் பங்கேற்புக்கான பாடத்திட்டக் கட்டமைப்பு, இரண்டு கிரெடிட் கொண்ட ஒரு பாடத்தைப் பரிந்துரைத்து, அதில் பாதி நேரமாவது களத்தில் கழிய வேண்டும் என்றது. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் வழக்கத்தை நெடுங்காலமாக வைத்திருக்கிறது.

ஆக, ஆணைக்கும் சுற்றறிக்கைக்கும் குறைவில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஊருக்குச் சேவை செய்யப் போகின்றன அல்லது ஊருக்கு எடுத்துச் சொல்லப் போகின்றன. ஊரிடமிருந்து கற்றுக்கொள்ளவும், ஊரோடு சேர்ந்து ஒன்றைக் கண்டறியவும் போவது அரிது. பேரணி போகும் மாணவி அந்த ஊரின் மதகு ஏன் உடைந்து கிடக்கிறது என்று கேட்க அந்த ஏழு நாளில் இடமில்லை.

ஏன் இந்த மாவட்டம்?

2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 72 விழுக்காட்டை எட்டவில்லை. மாநில சராசரி 80. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் ஏராளமானோர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். விடுமுறையில் ஏர்முனைக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போய்வருபவர்கள். அவர்களுக்குத் தெரிந்த எதுவும் கல்லூரியில் அறிவாக எண்ணப்படுவதில்லை. மல்லாட்டையில் (நிலக்கடலையில்) எந்தப் பருவத்தில் எந்த நோய் வரும், ஏரி நிரம்பினால் எந்த வாய்க்கால் முதலில் உடையும் என்பது அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. அதே மாணவர் வகுப்பில் எழுந்து பேசத் தயங்குகிறார். அவர் அறிந்ததிலிருந்து பாடம் தொடங்கினால் அந்தத் தயக்கம் உடையும்.

மல்லாட்டையை வைத்தே ஒரு கதை உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம், திண்டிவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஆந்திரத்தின் அனந்தபுரம் வரை போய், பல பத்தாண்டுகள் அந்த வறண்ட மண்ணை ஆண்டது. அதன் பிறகு எத்தனையோ புதிய ரகங்கள் வந்தும் விவசாயிகள் அதைக் கைவிடவில்லை. 2000-களின் தொடக்கத்தில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் உத்தியை மாற்றினார்கள். விவசாயிகளின் நிலத்திலேயே பல ரகங்களை விதைத்து, அவர்களையே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்படித் தேறிய ஐ.சி.ஜி.வி. 91114 என்ற ரகம் பழைய ரகத்துக்கு மாற்றாகப் பரவத் தொடங்கியது. வறட்சியைத் தாங்குமா என்று விஞ்ஞானி பார்த்தபோது, கொடி மாட்டுக்குத் தீனியாகுமா என்றும் விவசாயி பார்த்தார். இரண்டு பார்வையும் சேர்ந்தபோது ஆய்வு பலித்தது. தாவரவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஊரோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் திண்டிவனத்திலேயே சான்று இருக்கிறது. அரசு கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பிரபா கல்விமணி, காவல் துறை வன்முறைக்கு ஆளான இருளர் குடும்பங்களோடு 1990-களில் நின்றார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, பொய் வழக்கு, கொத்தடிமை என ஒவ்வொன்றிலும் பாதிக்கப்பட்டவரின் வாய்மொழியைக் கேட்டு, ஊர் ஊராகத் தகவல் திரட்டி, மனுவாக்கி, வழக்காக்கும் வேலையை அந்தச் சங்கம் செய்தது. யாரும் அதைப் பங்கேற்புச் செயலாய்வு என்று பெயரிட்டு அழைக்கவில்லை. ஆனால், அதன் உறுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. கிரெடிட்டும் மதிப்பெண்ணும் மட்டும்தான் இல்லை.

கிராம சபையே தேர்வுக்கூடம்

எப்படித் தொடங்குவது? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 மூன்றும் கல்லூரியின் முதல் பருவத்தில் விழுகின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1 மூன்றும் இரண்டாம் பருவத்தில். இதைவிடப் பொருத்தமான கால அட்டவணை வேண்டியதில்லை. முதல் கூட்டத்தில் மாணவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். ஊரார் எழுப்பும் கேள்விகளில் ஒன்றை அவர்களோடு பேசித் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாம் கூட்டத்தில் இதுவரை கண்டதை முன்வைத்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லட்டும். மூன்றாம் கூட்டத்தில் முடிவைச் சொல்லி, தீர்மானமாக்க ஊர் விரும்பினால் அதற்குத் துணைநிற்கட்டும். வைவா அங்கேயே நடக்கட்டும். புறத்தேர்வாளர் கேட்கும் கேள்வியைவிட, ஏரிப்பாசனச் சங்கத்துப் பெரியவர் கேட்கும் கேள்வி கடினமாகவே இருக்கும்.

துறைதோறும் வேலை இருக்கிறது. புவியியல், சமூகப்பணி, கணினி மாணவர்கள் தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ள வரைபடம் போடலாம். 2024-இல் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் எவ்வளவு உயரம், எந்த மணிக்கு எந்தத் தெருவில் ஏறியது, தண்டோரா வந்ததா, வாட்ஸ்ஆப் வந்ததா, நிவாரணமாக அறிவித்த 2,000 ரூபாய் யாருக்கு வராமல் போனது என்று ஊராரே வீடு வீடாகக் குறிக்க, மாணவர்கள் அதை அளந்து வரைபடமாக்கலாம். அடுத்த மழைக்கு முன் மாவட்ட நிர்வாகத்திடம் வைக்க அது ஓர் ஆவணம்.

புள்ளியியல் மாணவர்கள், காலை முதல் வகுப்பைத் தவறவிடும் கிராமத்து மாணவிகளோடும் வேலைக்குப் போகும் பெண்களோடும் சேர்ந்து, ஒரு மாதத்துக்கு நகரப் பேருந்துகள் வந்த நேரத்தையும் வராத நாளையும் குறித்து, விழுப்புரத்திலேயே தலைமையகம் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் கொடுக்கலாம். வேதியியல் மாணவர்கள் மரக்காணம் பக்கத்துக் கிணறுகளில் உப்பு எந்த மாதம் ஏறுகிறது என்பதை வீட்டுக்காரர்களையே சோதிக்கப் பழக்கலாம். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் உப்பளத் தொழிலாளர்களோடு அமர்ந்து, கோடைப் பணிநேரத்தையும் குடிநீரையும் கண் எரிச்சலையும் பதியலாம். செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அதனால் என்ன வரும், என்ன போகும் என்பதை வரலாற்று மாணவர்கள் அவர்களோடு சேர்ந்தே விசாரிக்கலாம். விழுப்புரம் சட்டக் கல்லூரிக்கு இருளர் குடியிருப்புகளின் பட்டா விண்ணப்பங்களே ஒரு பருவத்துக்குப் போதும்.

அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். ஒரு படி ஊராட்சி நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். திரட்டிய தகவலை ஊரைக் கேட்காமல் ஆசிரியர் தன் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றும் விதியாக எழுதப்படாவிட்டால், பெயர் மட்டும் மாறி ஸ்லேட்டர் காலத்து உறவே தொடரும்.

எந்த ஊர்?

இதுவரை ‘ஊர்’ என்று சொல்லிவந்ததில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஊர் வேறு, காலனி வேறு என்பதே இந்த மாவட்டத்தின் நில அமைப்பு. 2023 ஜூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைவதை எதிர்த்த தகராறில் வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது நினைவிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ‘மக்களோடு சேர்ந்து கேள்வி கேட்கிறோம்’ என்று போனால், குரல் பெரிதாக இருப்பவரின் கேள்வியே எல்லாருடைய கேள்வியாகிவிடும். கிராம சபையில் முன்வரிசையில் யார் உட்கார்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே இது புரியும். எனவே பெண்கள் தனியாக, காலனிக்காரர்கள் தனியாக, இருளர் தனியாகக் கூடிப் பேசும் கூட்டங்கள் முதலில் நடக்க வேண்டும். அவர்கள் சொன்னதைப் பொதுவில் வைக்கலாமா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கும் ஆபத்து உண்டு. மணல், கள்ளச்சாராயம், ஆக்கிரமிப்பு போன்றவற்றை விசாரிக்க இருபது வயதுப் பிள்ளைகளை அனுப்ப முடியாது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதனால் யாருக்கு அடி விழும் என்று ஆசிரியர் யோசிக்க வேண்டும். ஒரே வகுப்பில் ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து ஒரு தெருவில் நடப்பதே சில இடங்களில் செய்தியாகும். அதை எதிர்கொள்ளக் கற்பதும் இந்தப் பாடத்தில் அடக்கம். ஆனால், அவர்களைத் தனியே விட்டுவிடுவது ஆசிரியர் தர்மமாகாது.

ஆய்வுத் தரம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவர் பாரபட்சம் பார்ப்பார் என்பது அவர்கள் வாதம். தகவலைச் சொன்னவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சரிபார்க்கும் ஆய்வு, சரிபார்க்காத ஆய்வைவிடத் தரத்தில் எப்படிக் குறையும்? இன்னொரு வாதத்துக்கு வலு அதிகம்: இதைச் செய்ய ஆசிரியருக்கு நேரம் எங்கே? அரசுக் கல்லூரிகளை ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லாதவரிடம், ஓராண்டு ஒரு ஊரோடு உறவு வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அநியாயம். ஊருக்கு வேண்டியதும் ஒரு பருவத்தில் வந்துபோகும் மாணவர் கூட்டம் அல்ல. தொடர்ந்து வரும் ஒரு முகம். நிரந்தர நியமனம் இல்லாமல் இந்தப் பாடமுறை வேரூன்றாது என்பதை உயர்கல்வித் துறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊராரின் நேரத்துக்கும் விலை உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரைபடம் போட வரும் பெண்ணுக்கு டீயும் சான்றிதழும் போதாது. தேசியத் தர மதிப்பீட்டுக்காகக் கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், உடன் ஆய்வாளராக உழைக்கும் ஊராருக்கு மதிப்பூதியம் ஒதுக்குவதில் தயங்கத் தேவையில்லை.

என்ன செய்ய வேண்டும்?

விழுப்புரம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. அதன் பாடத்திட்டக் குழுக்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மாற்றாகப் பங்கேற்புச் செயலாய்வையும் மாணவர் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்; புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மதிப்பெண்ணில் ஒரு பங்கை ஊரின் மதிப்பீட்டுக்கு விட வேண்டும். வழிகாட்டும் ஆசிரியரின் களவேலை நேரத்தைப் பாடவேளையாகக் கணக்கிட வேண்டும். ஒரு கல்லூரிக்கு ஓரிரு ஊராட்சிகள் என்று தொடங்கி, அதே ஊராட்சிகளோடு ஐந்தாண்டாவது தொடர வேண்டும். ஒவ்வொரு ஆண்டு மாணவர்களும் முந்தைய ஆண்டு எங்கே விட்டதோ அங்கிருந்து எடுக்கட்டும்.

2021-22 கணக்கெடுப்பில், உயர்கல்விச் சேர்க்கையில் 47 விழுக்காட்டை எட்டி, நாட்டு சராசரியான 28-ஐ வெகுவாகத் தாண்டி நின்றது தமிழ்நாடு. பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவரும் வேலையை நாம் ஓரளவு முடித்துவிட்டோம். அங்கே அவர்கள் படிப்பது அவர்களை அனுப்பிவைத்த வீட்டுக்கும் தெருவுக்கும் பயன்படுகிறதா என்பதே அடுத்த கேள்வி. அதற்கான விடையைத் தேட விழுப்புரம் பிள்ளைகளுக்கு லண்டனும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். வரும் கிராம சபைக்கு ஒரு வகுப்பும் ஓர் ஆசிரியரும் நோட்டுப்புத்தகத்தோடு போய் உட்கார்ந்தால் பாடம் தொடங்கிவிடும்.